முள்ளுக்கு ஒரு பாத்தி

ஜனவரி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தேன். டிரைவ்வேயை ஒட்டிய பாத்தியில் அப்பா மண்வெட்டியோடு குனிந்து நின்றிருந்தார். பக்கத்தில் மூன்று செடிகள் வேரோடு கிடந்தன. ஒவ்வொன்றும் தாம்பாளம் அகலத்துக்கு இலை விரித்த செடி.

"ஏய்யா, இம்புட்டுக் காசு குடுத்து வீடு வாங்கிருக்க. வாசல்ல முள்ளு மொளச்சுக் கெடக்கு. ஒரு நாள் குனிஞ்சு பிடுங்கக் கூடாதா? சின்னதுலயே எடுத்திரணும். பெருசானா கையக் கிழிச்சிரும்."

அப்பா கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டு விவசாயி. நாற்பது வருஷம் பருத்தியும் உளுந்தும் கம்பும் போட்டவர். களை எது, பயிர் எதுன்னு அவருக்கு நான் சொல்லித்தர முடியாது. ஆனா அன்னைக்கு அவர் பிடுங்கிப் போட்டது களை இல்லை. அது நான் பதினைந்து மாசமா வளர்த்த செடி.

இந்த மாசப் பத்தி அந்தச் செடியைப் பற்றித்தான். பெயர் டெக்சாஸ் திஸில். தாவரவியல் பெயர் சிர்சியம் டெக்சானம். சூரியகாந்திக் குடும்பம்.

ஏன் முள்ளை நட்டேன்?

2023 கோடை ஹூஸ்டன் பக்கம் இருக்கிறவங்களுக்கு மறக்காது. இங்கே பதிவானதிலேயே மிக வெப்பமான கோடை அதுதான். கேட்டியில் எங்க தெருவில் எல்லோர் வீட்டுப் புல்லும் காய்ந்து பழுப்பாகிவிட்டது. செயின்ட் அகஸ்டின் புல் தண்ணீர் குடிக்கும் ஜாதி. ஸ்பிரிங்க்ளரை எத்தனை நேரம் ஓடவிட்டாலும் அதுக்குப் பத்தலை. தண்ணீர் பில்லைப் பார்த்ததும் எனக்குத்தான் தொண்டை வறண்டது. அமெரிக்க வீடுகளில் செலவாகும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்கு வெளியேதான் போகிறது என்கிறது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அதில் பெரும்பகுதி புல்லுக்குத்தான்.

"கேட்டியில்தான் நல்லா மழை பெய்யுமே"ன்னு நீங்க கேட்கலாம். பெய்யும்தான். வருஷத்துக்கு ஐம்பது அங்குலத்தை ஒட்டிப் பெய்யும். சென்னையில் அதைவிடக் கொஞ்சம் கூடவே பெய்யும். ஆனாலும் 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்கு நின்னாங்களே! மொத்தமா எவ்வளவு பெய்கிறது என்பது ஒரு கணக்கு. ரெண்டு மழைக்கு நடுவில் எத்தனை நாள் என்பது வேற கணக்கு. செடிக்கு முக்கியம் ரெண்டாவதுதான். 2011ல் ஹூஸ்டனுக்கு வழக்கமான மழையில் பாதிதான் கிடைத்தது. மாநிலம் முழுக்க மரங்கள் பட்டுப்போயின.

அந்த இடைவெளியை இந்த மண்ணின் சொந்தச் செடிகள் ஆயிரக்கணக்கான வருஷமாகப் பார்த்தவை. ஊர் உருவாகும் முன் இங்கே இருந்தது கேட்டி பிரெய்ரி என்கிற புல்வெளி. டெக்சாஸ், லூசியானா கடலோரப் புல்வெளி ஒரு காலத்தில் சுமார் 90 லட்சம் ஏக்கர் இருந்தது. இன்றைக்கு அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் மிச்சம். முதலில் அதை உழுது நெல் போட்டார்கள். பழைய கேட்டி ஊருக்குள் நிற்கும் நெல் குதிர்கள் அந்தக் காலத்து மிச்சம். பிறகு வயலில் வீடு வந்தது. அதில் ஒரு வீடு என்னுடையது.

மிச்சமிருக்கிற புல்வெளியைக் காப்பாற்ற 1992ல் தொடங்கிய அமைப்புதான் கேட்டி பிரெய்ரி கன்சர்வன்சி. இப்போது அதன் பெயர் கோஸ்டல் பிரெய்ரி கன்சர்வன்சி. நான் ஏக்கர் கணக்கில் எதையும் காப்பாற்றப் போவதில்லை. என்னிடம் இருப்பது ஆறடிக்கு நாலடியில் ஒரு பாத்தி. அதில் புல்லை எடுத்துவிட்டு 2023 அக்டோபரில் விதை தூவினேன்.

ஐந்து விதை முளைத்தது. முதல் வருஷம் முழுக்க இந்தச் செடி தரையோடு தரையாக இலையை வட்டமா விரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். வேலையெல்லாம் மண்ணுக்கு அடியில்தான். ஆணிவேர் இறங்கிக்கொண்டே போகும். 2024 ஜூலையில் பெரில் புயல் மழையில் தண்ணீர் தேங்கி ஒன்று அழுகிவிட்டது. மிச்சம் நாலு. மூன்றை அப்பா எடுத்துவிட்டார்.

இதுக்குத் தமிழில் என்ன பேர்?

செடியின் கதையைச் சொன்னதும் அப்பா ஒன்றும் பேசவில்லை. மிச்சமிருந்த ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் வெள்ளையா, பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும்.

"பிரம்மதண்டு மாதிரில்ல இருக்கு! அதான் எடுத்தேன்."

அவர் சொன்னதும் சரிதான். ஊரில் தரிசு நிலத்தில் மஞ்சள் பூ பூத்து நிற்குமே, இலையெல்லாம் முள்ளா, அந்தப் பிரம்மதண்டுக்கும் இதுக்கும் முதல் பார்வையில் வித்தியாசம் தெரியாது. ஆனா ரெண்டும் வேற வேற குடும்பம். பிரம்மதண்டு கசகசாவுக்குச் சொந்தம். அதன் தாவரவியல் பெயரிலேயே மெக்சிகோ இருக்கிறது: ஆர்ஜிமோன் மெக்சிகானா.

"அது நம்ம ஊர்ச் செடி இல்லப்பா. இந்தப் பக்கத்துல இருந்து போனதுதான்."

அப்பா நம்பவில்லை. அன்று மாலை மகளும் அவரும் நானும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து போனது. தமிழ்நாட்டில் காடுகாடாகப் பரவி, கடைசியில் 1920களில் ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினார்கள். அதே சப்பாத்திக்கள்ளி 1995 முதல் டெக்சாஸின் மாநிலச் செடி! சீமைக்கருவேலம் தெற்கே கண்மாயெல்லாம் மண்டி, அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. அதன் தம்பிதான் டெக்சாஸ் மெஸ்கீட். பார்பிக்யூவுக்குப் புகைவாசம் வேணும்னு மூட்டையில் விறகு வாங்குகிறோமே, அதுதான்.

"சீமைக்கருவேல வெறகக் காசு குடுத்தா வாங்குதீக?" அப்பாவுக்குச் சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது.

எதிர்ப்பக்கமும் உண்டு. போன கோடையில் மேற்கு டெக்சாஸ் போனபோது மகளின் சைக்கிள் டயர் ரெண்டும் ஒரே நாளில் பஞ்சர். டயரில் குத்தியிருந்ததைப் பிடுங்கிப் பார்த்தால் நெருஞ்சி முள்! நம்ம நெருஞ்சியேதான். இங்கே அதுக்கு 'கோட்ஹெட்'னு பேரு, ஆட்டுத்தலை. முள்ளைத் திருப்பிப் பார்த்தா கொம்போட ஆட்டுத்தலை மாதிரியே இருக்கும். பழைய உலகத்திலிருந்து வந்து அமெரிக்காவின் பல மாநிலங்களில் தொல்லையாகிவிட்ட களை அது.

ஆக, முள் இருக்கிறதால ஒரு செடி களை ஆவதில்லை. அது எந்த இடத்தில் நிற்கிறது, அதை யார் தின்கிறார்கள் என்பதுதான் விஷயம். சொந்த மண்ணில் அதைத் தின்ன ஒரு புழு, கட்டுப்படுத்த ஒரு வண்டு, விதையைப் பொறுக்க ஒரு குருவி இருக்கும். புது மண்ணில் அந்தக் கூட்டம் இருக்காது. அப்போதுதான் அது மண்டுகிறது.

முள்ளெல்லாம் ஒண்ணு இல்லை

அப்பா செய்த தப்பை அரசாங்கங்களே செய்திருக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த மஸ்க் திஸில் மேய்ச்சல் நிலங்களைக் கெடுத்ததால், அதன் விதையைத் தின்னும் ஒரு வண்டை 1968ல் கனடாவிலும் 1969ல் அமெரிக்காவிலும் கொண்டுவந்து விட்டார்கள். வண்டுக்கு வெளியூர் திஸில், உள்ளூர் திஸில்னு பேதம் தெரியுமா? நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் வாழ்கிற மாதிரியான உள்ளூர்ச் செடிகளின் பூவிலும் அது முட்டையிடத் தொடங்கியது. 1997ல் சயன்ஸ் இதழில் அந்த ஆய்வு வந்தபோதுதான் சேதம் எவ்வளவு என்பது பரவலாகத் தெரிந்தது. சப்பாத்திக்கள்ளிக்குப் பலித்த வைத்தியம் இங்கே பக்கத்து வீட்டுக்காரனையும் சேர்த்து அடித்துவிட்டது.

அதனால பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாருங்க:

டெக்சாஸ் திஸிலின் தண்டில் முள் இருக்காது. பூவுக்குக் கீழே நீளமா, இலை அதிகம் இல்லாத காம்பு. இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு. பூ இளம் ஊதா கலந்த ரோஸ்.

தண்டின் நீளத்துக்கும் முள் வைத்த இறக்கை ஓடினால் அது பெரும்பாலும் ஐரோப்பிய புல் திஸில். பூ பெரிசா, தலை கவிழ்ந்து, அடியில் அகலமான செதில்கள் இருந்தால் மஸ்க் திஸில். இலையில் பால் கொட்டினது போல வெள்ளைக் கோடுகள் இருந்தால் மில்க் திஸில். இந்த மூணையும் தாராளமாகப் பிடுங்கலாம்.

பூவைச் சுற்றி முள் இலைகள் வேலி கட்டின மாதிரி நின்றால் அது எல்லோ திஸில். அதுவும் இந்தக் கடலோரத்தின் சொந்தச் செடிதான். விட்டுடுங்க.

கடிதம் வந்தது

ஜனவரி 21 அன்று கேட்டியில் பனி பெய்தது, ஞாபகம் இருக்கும். அப்பாவுக்கு வாழ்க்கையில் முதல் பனி. முந்தின நாள் சாயங்காலமே அவர் யாரிடமும் சொல்லாமல் மிச்சமிருந்த ஒற்றைச் செடியின் மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். இந்தச் செடிக்கு அது தேவையே இல்லை. குளிரைத் தாங்கும். நான் சொல்லவில்லை.

மார்ச்சில் நடுவிலிருந்து தண்டு கிளம்பியது. ஏப்ரலில் மூன்றரை அடி. உச்சியில் மொட்டு. கூடவே எங்க குடியிருப்பின் ஹெச்ஓஏவிடமிருந்து ஒரு கடிதம். வாசலில் களை வளர்ந்திருக்கிறது, பதினான்கு நாளில் அகற்றாவிட்டால் அபராதம்.

இங்கே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 202.007 பிரிவு 2013ல் திருத்தப்பட்டது. அதன்படி வறட்சி தாங்கும் தோட்டம் போடுவதை ஹெச்ஓஏ தடுக்க முடியாது. ஆனால் முன்கூட்டியே திட்டத்தைக் கொடுத்து அனுமதி வாங்கச் சொல்ல அதுக்கு உரிமை உண்டு. நியாயமான காரணம் இல்லாமல் அந்த அனுமதியை மறுக்கத்தான் உரிமை இல்லை. நான் திட்டமே கொடுக்கவில்லை. அந்த அளவில் தப்பு என் பேரில்தான்.

வாதாடவில்லை. படிவத்தை நிரப்பினேன். செடியின் பெயர், படம், உயரம், எப்போது வெட்டப்போகிறேன் என்கிற தேதி, பாத்தியைச் சுற்றிக் கல் பதித்த வரைபடம் எல்லாம் வைத்தேன். அனுமதி வந்தது, நிபந்தனையோடு: நடைபாதைக்கு ரெண்டடி தள்ளியிருக்கணும், பூத்து முடிந்ததும் வெட்டணும். ரெண்டும் நியாயம்தான். பக்கத்து வீட்டுக் குழந்தையும் அந்த வழியாத்தானே ஓடும்.

மகள் கேட்ட கேள்வி

அந்த வாரத்தில்தான் இலைகளில் சிலந்தி வலை மாதிரி ஏதோ படிந்தது. நோய்னு நினைத்தேன். மகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "உள்ள புழு இருக்குப்பா"ன்னாள். பெயின்டட் லேடி வண்ணத்துப்பூச்சியின் புழு. அதன் அறிவியல் பெயரிலேயே திஸில் இருக்கிறது: வனெஸ்ஸா கார்டுய். உலகிலேயே மிகப் பரவலான வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்று. தமிழ்நாட்டிலும் பறக்கும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி 4,200 கிலோமீட்டர் பறந்து தென் அமெரிக்காவுக்கு வந்த ஒரு கூட்டத்தைப் பற்றி 2024ல் ஆய்வு வெளியானது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "அப்பா, ஆர் வீ நேட்டிவ் ஆர் இன்வேசிவ்?"

பள்ளியில் ஆக்கிரமிப்புச் செடிகள் பற்றிப் பாடம். வகுப்பில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே அவளிடம் கேட்டானாம். எட்டு வயசுப் பையன், வேணும்னு கேட்டிருக்க மாட்டான். ஆனா அவள் அதை மூணு நாளா மனசில் வைத்திருந்திருக்கிறாள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை மாசமா வீட்டில் 'நேட்டிவ், நேட்டிவ்'னு பேசிக்கொண்டிருந்தது நான்தானே.

கொல்லையில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியைக் காட்டினேன். "இது நேட்டிவ் இல்லை. ஆனா யாரையும் விரட்டலை. இன்வேசிவ்னா வெளியிலிருந்து வந்ததுன்னு மட்டும் அர்த்தம் இல்லை. வந்த இடத்தில் மத்ததை வாழவிடாம பண்றதுக்குத்தான் அந்தப் பேரு." கூடவே இன்னொன்றும் சொன்னேன்: "அது செடிக்கும் பூச்சிக்கும் உள்ள வார்த்தை. ஒரு புழுவால இன்னொரு செடியைத் தின்ன முடியாது, அதனால அந்த வார்த்தை தேவைப்படுது. மனுஷங்க எல்லாரும் ஒரே இனம். நமக்கு அந்த வார்த்தை பொருந்தாது." இந்தக் கடலோரத்தில் முதலில் வாழ்ந்த கரன்காவா மக்களைப் பற்றியும் சொன்னேன். அவர்களை விரட்டியது எந்தச் செடியும் இல்லை.

அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "அப்ப கறிவேப்பிலையை ஏன் கலிஃபோர்னியா சித்தி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது?"ன்னு கேட்டாள். நல்ல கேள்வி. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். தடை செடிக்காக இல்லை, அதில் ஒட்டிக்கொண்டு போகிற பூச்சிக்காக.

தோட்டம் போடும் பெற்றோர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: இந்த வார்த்தைகளைப் பிள்ளைகள் முன்னால் சொல்லும்போது பாதியில் விடாதீங்க. மிச்சத்தையும் சொல்லிடுங்க.

வளர்க்க ஆசைப்படுறவங்களுக்கு

விதையை செப்டம்பர் முதல் நவம்பருக்குள் தூவுங்க. நல்ல வெயில் வேணும். புல்லை எடுத்த வெறும் மண்ணில் தூவி, லேசா அழுத்தினால் போதும். எங்க ஊர் மாதிரிக் களிமண் என்றால் பாத்தியை அரையடி மேடாக்குங்க. உரம் வேண்டாம். முளைக்கும்வரை ஈரம், அப்புறம் சில வாரம் தண்ணீர், பிறகு வானம் பார்த்துக்கொள்ளும். ஆணிவேர் என்பதால் வளர்ந்ததைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். சில செடி முதல் வசந்தத்திலேயே பூக்கும், சில ரெண்டாவதில். பூத்து விதை வந்ததும் பெரும்பாலும் பட்டுப்போகும். பரவிவிடும்னு பயந்தால் பஞ்சு பறக்கும் முன் பாதிப் பூவை வெட்டிவிடுங்க. நடைபாதை ஓரமும் பிள்ளைகள் விளையாடும் இடமும் வேண்டாம்.

பே ஏரியாக்காரர்களுக்கு காப்வெப் திஸில் இருக்கிறது. சிலந்தி வலை போர்த்தின மாதிரி வெள்ளை இலை. அதன் ஒரு வகை சிவப்பாகப் பூக்கும், ஹம்மிங்பேர்ட் தேடி வரும். கோடையில் அதுக்குத் தண்ணீர் விடாதீங்க.

நியூ ஜெர்சிக்காரர்களுக்கு ஃபீல்ட் திஸில். கோடை முடிவில் பூக்கும். உங்க மாநிலப் பறவை கோல்ட்ஃபின்ச் (1935 முதல்) பெரும்பாலான மற்ற குருவிகள் குஞ்சு பொரித்து முடித்த பிறகுதான் கூடு கட்டும். திஸில் பஞ்சுதான் அதன் மெத்தை, திஸில் விதை குஞ்சுகளுக்குச் சோறு. அங்கே கண்டபடி பரவும் 'கனடா திஸில்' மட்டும் வேண்டாம். பேர்தான் கனடா, வந்தது ஐரோப்பாவிலிருந்து.

ஊருக்குப் போகும்போது

ஜூன் முதல் வாரம் அப்பாவுக்கு ஃபிளைட். அதுக்குள் பூவெல்லாம் பஞ்சாகிவிட்டது. கிளம்பும் நாள் காலையில் பார்த்தால், கைக்குட்டையில் கொஞ்சம் விதை முடிந்து வைத்திருக்கிறார். "நம்ம கரிசல்லயும் போட்டுப் பாப்பமே. தண்ணியே கேக்காதுங்க."

நான் வாயைத் திறக்கும் முன் மகள் சொன்னாள்: "தாத்தா, சீமைக்கருவேலம்!"

அப்பா ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்து விதையை அவள் கையில் கொட்டினார்.

அந்த விதையைத்தான் போன மாசம் பாத்தியில் போட்டோம். ஒன்பது முளைத்திருக்கிறது. டிசம்பரில் அப்பா மறுபடி வருகிறார். மகள் ஒவ்வொரு செடி பக்கத்திலும் ஒரு ஐஸ் குச்சி நட்டு, தமிழ்ப்பள்ளியில் கற்ற எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்: "தாத்தா, பிடுஙகாதீங்க." ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது. திருத்தவில்லை.